ஒரு சிலிண்டர், ஓராண்டு சோடா

ஒரு லிட்டர் தண்ணீரை நாக்கில் சுர்ரென்று ஏறும் சோடாவாக மாற்றச் சுமார் 8 கிராம் கார்பன் டை ஆக்சைடு போதும். கணக்குப்படி ஒரு கிலோ வாயுவில் 125 லிட்டர் சோடா போடலாம். பாட்டிலில் இருக்கும் காற்றை வெளியேற்றுவதிலும், குழாயைக் கழற்றி மாட்டுவதிலும் வீணாவதையும் சேர்த்து லிட்டருக்கு 12 கிராம் என்று தாராளமாக வைத்தாலும், 80 லிட்டருக்குக் குறையாது. சென்னை நந்தனத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தினமும் ஒரு லிட்டர் சோடா செலவாகிறது என்றால், நாலரைக் கிலோ பிடிக்கும் ஒரு சிலிண்டர் ஓராண்டு தாங்கும்.

இந்த வாயு விலை உயர்ந்த பொருளே அல்ல. அம்மோனியா தயாரிக்கும் உர ஆலைகளிலும், கரும்புப் பாகைப் புளிக்கவைக்கும் வடிசாலைகளிலும் அது வேண்டாமலே வெளிவருகிறது. அதைப் பிடித்து, சுத்திகரித்து, அழுத்தித் திரவமாக்கி டேங்கரில் ஏற்றுகிறார்கள். வீட்டுக்கு வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வாயுவுக்குப் போவதில்லை. அதை அடைத்துவைக்கும் இரும்புக்கும், நிரப்பும் கூலிக்கும், கொண்டுவரும் வண்டிக்கும் போகிறது. மலிவான வாயுவைத் தேடுவது என்றால் உண்மையில் சரியான சிலிண்டரையும், அதைத் திரும்பத் திரும்ப நிரப்பித் தரும் ஒருவரையும் தேடுவதுதான்.

மேலை நாடுகளில் இந்தத் தேடலைப் பரவலாக்கியவர்கள் வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள். பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதே வழியைத் திறந்தது. அங்கே ஐந்து பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ பிடிக்கும் சிலிண்டர் வீட்டுப் பண்டமாகிவிட்டது. தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்; நாலு சுவருக்குள் தன் குடும்பத்துக்கென்று காய்ச்சினாலும் குற்றமே. ஆகவே சென்னையில் வீட்டுக்குச் சிலிண்டர் தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை: சோடாவும் பழரச பானங்களும் போடுகிறவர்கள், நீர்த்தாவரங்கள் வளர்க்கும் மீன்தொட்டிக்காரர்கள். இரு தரப்புக்கும் வேண்டிய கருவி ஏறக்குறைய ஒன்றே.

தண்ணீரில் இந்த வாயுவை ஏற்றலாம் என்று செய்து காட்டியவர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1767ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், பீர் ஆலைத் தொட்டியின் மேல் மிதந்த வாயுவில் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்தார். பிறகு சுண்ணாம்புக் கட்டியையும் கந்தக அமிலத்தையும் கலந்து வாயு உண்டாக்கும் முறையை 1772ல் வெளியிட்டார். ஒரு நூறாண்டு கழித்து, 1872ல், ஹைரம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கோலி அடைத்த பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். அது பிறந்த நாட்டில் வழக்கொழிந்துவிட்டது. ஜப்பானிலும் இந்தியாவிலும் இன்னும் உயிரோடிருக்கிறது.

கோலி சோடா போடும் பழைய கைமெஷினைப் பார்த்தால் வாயு, தண்ணீர், அழுத்தம் மூன்றின் உறவும் கண்முன் விளங்கும். பாட்டிலின் கழுத்துக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பாட்டிலைச் சட்டத்தில் பொருத்தி, வாயு ஏறிய தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்தி, அப்படியே தலைகீழாகச் சுற்றுவார்கள். கோலி உருண்டு வந்து வளையத்தில் உட்காரும். உள்ளிருக்கும் வாயு அதைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும், மூடியே வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் கோலி கீழே விழும், சீறல் கேட்கும், அதில் எலுமிச்சையும் உப்பும் சேரும். 1916ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் முதல் தெருக்கோடி சோடா கம்பெனி வரை, தமிழகத்துப் பானத் தொழில் முழுக்க இந்த வாயுவை நம்பி வளர்ந்தது. வீட்டில் சோடா போடுகிறவர் அந்தக் கம்பெனி செய்வதையே சிறிய அளவில் செய்கிறார்.

வீட்டுக்கு வாயு வாங்கும் வழிகளில் மிகச் சிறியது 8 கிராம் குப்பி. சைஃபன் பாட்டிலில் திருகி ஒரு லிட்டர் போட்டதும் குப்பி காலி. தூக்கி எறிய வேண்டியதுதான். கணக்குக்காக ஒரு குப்பி 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ வாயு 3,750 ரூபாய் ஆகிறது. எப்போதோ விருந்தினர் வரும்போது மட்டும் சோடா போடும் வீட்டுக்கு இது போதும். தினமும் குடிப்பவருக்குக் கட்டாது. அடுத்தது சோடா மெஷினோடு வரும் சிறு சிலிண்டர். சோடாஸ்ட்ரீம் வகை மெஷின்களில் 400 கிராமுக்குச் சற்று அதிகமாக வாயு இருக்கும். 60 லிட்டர் என்று அட்டையில் போட்டிருப்பது லேசான சோடாவுக்கு. காரமாகக் குடிப்பவர்களுக்கு நாற்பதைத் தாண்டினாலே அதிகம். காலி சிலிண்டரைக் கொடுத்து நிரம்பியதை வாங்கும் ஏற்பாடு எந்தக் கம்பெனியிடம் இருக்கிறது, அது சென்னையில் நடக்கிறதா என்று மெஷின் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வாயு தீர்ந்த மறுநாளே மெஷின் அலமாரிக்குப் போய்விடும்.

விலை நிஜமாக இறங்குவது 2 கிலோவிலிருந்து 5 கிலோ வரை பிடிக்கும் சொந்தச் சிலிண்டரில். நிரப்புகிறவருக்குச் சிறிய சிலிண்டர், பெரிய சிலிண்டர் எதுவானாலும் பிடிக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அளவு கூடக் கூட கிலோவுக்கு ஆகும் செலவு சரசரவென்று குறைகிறது. அதற்கும் மேலே, வெல்டிங் பட்டறைகளும் சோடா கம்பெனிகளும் வைத்திருக்கும் 30 கிலோ சிலிண்டர் இருக்கிறது. கிலோ விலையில் அதுவே மலிவு. டெபாசிட் கட்டி வாடகைக்கும் கிடைக்கும். ஆனால் இரும்பே ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும், ஆள் உயரத்துக்கு நிற்கும், வாடகை மாதாமாதம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரு குடும்பம் அதைக் காலி செய்ய ஆறேழு ஆண்டுகள் ஆகும். அடுக்குமாடி வீட்டுக்கு அது உகந்ததல்ல.

சென்னையில் சிறிய சிலிண்டருக்கு மூன்று இடங்களில் விசாரிக்கலாம். முதலாவது வாயு வியாபாரிகள். நந்தனத்திலிருந்து சைதாப்பேட்டைப் பாலம் தாண்டினால் 1958ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை. வடமேற்கே போனால் 1964ல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. பட்டறைகள் நிறைந்த இடங்களில் வாயு வியாபாரமும் இருக்கும். அவர்கள் பெரிய வாடிக்கையாளருக்கே பழகியவர்கள் என்பதால், "உணவுத் தரம், சொந்தச் சிலிண்டர், நாலரைக் கிலோ, ரீஃபில் செய்வீர்களா?" என்று நான்கையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுவது நல்லது. இரண்டாவது கொளத்தூர். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர் போன அந்தப் பகுதியில், செடித் தொட்டிக்கான சிறு சிலிண்டர்களும் ரெகுலேட்டர்களும் விற்கும் கடைகளில் தேடலாம். தொட்டிக்கு நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி போதும் என்பதால் அவை பெரும்பாலும் இரண்டு கிலோவுக்குள் அடங்கும். மூன்றாவது தீயணைப்பான் விற்று, பராமரிக்கும் கடைகள். நகரத்தில் இவை இல்லாத வட்டாரமில்லை. இந்த மூன்றாவது வழி மலிவானது, ஆனால் அதிகக் கவனம் கேட்பது.

எந்த இடத்தில் வாங்கினாலும் முதலில் படிக்க வேண்டியது சிலிண்டரின் தோள்பட்டையை. வால்வுக்குக் கீழே இரும்பு வளையும் இடத்தில் எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். பெயிண்ட் தடித்துப்போயிருந்தால் துணியால் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். செய்தவரின் அடையாளம், வரிசை எண், ஐ.எஸ். 7285 என்ற இந்தியத் தர எண், கொள்ளளவு லிட்டரில், காலி எடை, சோதனை அழுத்தம், கடைசியாக ஹைட்ரோ டெஸ்ட் செய்த தேதி ஆகியவை அதில் இருக்கும். இந்தத் தேதிதான் உயிர்நாடி. சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்து, இரும்பு விரிகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். கெடு தாண்டிய சிலிண்டரை நேர்மையான நிரப்புநர் தொடமாட்டார். பழைய சிலிண்டரைப் பாதி விலைக்கு வாங்கி, பிறகு டெஸ்டுக்கும் புது வால்வுக்கும் செலவழித்தால் புதியதன் விலையே வந்துவிடுவதும் உண்டு. பேரம் பேசுவதற்கு முன் தேதியைப் பார்த்துவிட வேண்டும்.

நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. கறுப்பு உடம்பு கொண்ட சிலிண்டரில் ஆக்சிஜனும் இருக்கலாம். உள்ளே முன்பு என்ன வாயு இருந்தது என்பது தெரியாத சிலிண்டரை உணவு வேலைக்கு எடுப்பதே தவறு. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கும் அலுமினியச் சிலிண்டர்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இந்தியாவில் எந்த வாயுச் சிலிண்டரும் பெசோ எனப்படும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். நாக்பூரில் தலைமையகம் கொண்ட அந்த அமைப்பு 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழும் 2016ஆம் ஆண்டு வாயுச் சிலிண்டர் விதிகளின் கீழும் இயங்குகிறது. ஒப்புதல் இல்லாத சிலிண்டர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், முதல் நிரப்பு தீர்ந்ததும் எந்த முறையான நிலையமும் அதை ஏற்காது. எரியாத, நச்சற்ற வாயுச் சிலிண்டர் ஒன்றிரண்டை வீட்டில் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு வாயுவை மாற்றி நிரப்பத்தான் உரிமம் தேவை. பெரிய சிலிண்டரைக் கவிழ்த்துவைத்து, குழாய் மாட்டி, கடைப் பின்கட்டில் சிறிய சிலிண்டரை நிரப்பித் தரும் வழக்கம் சட்டத்துக்கும் புறம்பானது, ஆபத்தும் மிக்கது. அளவுக்கு மீறி நிரம்பிவிட்டதா என்று அங்கே பார்ப்பவர் யாருமில்லை.

தீயணைப்பானுக்கு வருவோம். அடுக்குமாடிகளில் மின்பலகைக்கும் லிஃப்டுக்கும் பக்கத்தில் தொங்கும் சிவப்புச் சிலிண்டர்களில் கூம்பு வாய் கொண்டவை கார்பன் டை ஆக்சைடு வகை. 2 கிலோ, 4.5 கிலோ அளவுகள் சாதாரணம். சோடாவுக்கு அதை அப்படியே பயன்படுத்த முடியாது. உள்ளே வால்விலிருந்து அடிமட்டம் வரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். நெருப்பின் மேல் திரவத்தையே பீய்ச்சுவதற்கான ஏற்பாடு அது. அந்தக் குழாயோடு ரெகுலேட்டரை மாட்டினால் வாயுவுக்குப் பதில் திரவம் பாய்ந்து, உறைந்து, ரெகுலேட்டரைக் கெடுத்துவிடும். குழாயை எடுத்து, கைப்பிடி வால்வுக்குப் பதில் திருகு வால்வு போட்டு, உள்ளே துருவும் எண்ணெயும் இல்லாமல் சுத்தம் செய்து, மறுபடி ஹைட்ரோ டெஸ்ட் எடுத்தால்தான் அது சோடாச் சிலிண்டர் ஆகும். இதை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் செய்ய வேண்டும். வீட்டில் ஸ்பேனர் வைத்துச் செய்யும் வேலை அல்ல. கட்டடத்தின் தீயணைப்பானை இதற்காகக் கழற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாயுவின் தரம் அடுத்த கேள்வி. பானங்களில் சேர்க்கும் கார்பன் டை ஆக்சைடு உணவுச் சேர்க்கைப் பட்டியலில் 290 என்ற எண்ணில் இடம்பெற்றது. பானத் தொழிலில் வழக்கமாக எதிர்பார்க்கும் தூய்மை 99.9 விழுக்காடு. மிச்சமிருக்கும் அந்தத் துளியில் என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புளிப்பிலிருந்து வந்த வாயுவில் அசெட்டால்டிஹைடும், ரசாயன ஆலையிலிருந்து வந்ததில் கந்தகச் சேர்மங்களும் பென்சீனும் தங்கலாம். உணவுத் தர வாயுவில் இவற்றுக்கு வரம்பு வைத்துச் சோதிப்பார்கள். வெல்டிங் வாயுவுக்கு அந்தச் சோதனை தேவையில்லை. எனவே பில்லில் உணவுத் தரம் என்று எழுதி வாங்குவதும், சோதனைச் சான்றின் நகல் கேட்பதும் நியாயமே. நிரப்பி வந்த சிலிண்டரைச் சற்றே திறந்து முகர்ந்தால் லேசான புளிப்பு நெடியன்றி எண்ணெய் நாற்றமோ அழுகிய முட்டை நாற்றமோ வரக்கூடாது. வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இந்த வாயு ஓர் உபரிப் பொருள் என்பதால், மூல ஆலை நின்றால் வாயுவும் நின்றுவிடும். 2021 செப்டம்பரில் இயற்கை எரிவாயு விலை ஏறியதால் பிரிட்டனில் இரண்டு உர ஆலைகள் மூடப்பட்டபோது, அந்த நாட்டின் பானத் தொழிலும் இறைச்சித் தொழிலும் தவித்தன. அரசே தலையிட்டு ஆலையை ஓடவைத்தது. உரத்தின் விலையும் சோடாவின் குமிழியும் இப்படி ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

சென்னை வெயில் இந்த வாயுவோடு நடத்தும் விளையாட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். 31 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சிலிண்டருக்குள் திரவமும் அதன் மேல் வாயுவும் இருக்கும். 20 டிகிரியில் அழுத்தம் 57 பார். திரவம் கொஞ்சமாவது மிச்சமிருக்கும் வரை அந்த அளவு மாறாது. எனவே அழுத்தமானியைப் பார்த்து வாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது என்று குளிர்நாட்டுப் புத்தகங்கள் எழுதும். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே மறைந்து, இரண்டுக்கும் நடுவான ஒரு நிலை வந்துவிடுகிறது. சென்னையில் ஆண்டின் பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளேயே அந்த வெப்பம் உண்டு. அப்போது முள் காலையில் ஒன்று காட்டும், மதியம் வேறொன்று காட்டும்.

அதனால்தான் இந்தியாவில் லிட்டர் கொள்ளளவுக்கு மூன்றில் இரண்டு பங்கு கிலோ மட்டுமே நிரப்புகிறார்கள். மூன்று லிட்டர் சிலிண்டரில் இரண்டு கிலோ. ஆறே முக்கால் லிட்டரில் நாலரைக் கிலோ. இப்படிச் சரியாக நிரப்பிய சிலிண்டர் 40 டிகிரியில் நூறு பாரைத் தாண்டும். மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரி வந்தால் 170 பாரைத் தாண்டும். கார் டயரில் இருப்பது இரண்டு பார்தான் என்பதை நினைத்தால் இந்த இரும்பு ஏன் இவ்வளவு கனக்கிறது என்பது புரியும். சமையல் எரிவாயு சிலிண்டரில் இந்த வாயுவை ஒருபோதும் நிரப்பக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. அளவு மீறி நிரப்பியிருந்தால் வெயிலில் அழுத்தம் இன்னும் வேகமாக ஏறி, வால்வில் இருக்கும் பாதுகாப்புத் தகடு கிழிந்து முழு வாயுவும் சீறி வெளியேறும்.

எவ்வளவு வாயு இருக்கிறது என்பதற்குத் தராசு ஒன்றே சாட்சி. நிரப்பி வந்ததும் எடை போட்டு, தோளில் பொறித்த காலி எடையைக் கழித்தால் வாயுவின் எடை வந்துவிடும். வால்வு மாற்றிய சிலிண்டராக இருந்தால் காலியாக இருக்கும்போது ஒருமுறை எடை போட்டு அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு தொங்கு தராசு வாங்கிவைத்தால், குறைவாக நிரப்பியதும் தெரியும், மாதாமாதம் கசிவதும் தெரியும்.

ரெகுலேட்டரைச் சிலிண்டர் வாங்கிய பிறகே வாங்க வேண்டும். அமெரிக்க வீட்டுப் பீர்க்காரர்களின் ரெகுலேட்டர்கள் சி.ஜி.ஏ. 320 என்ற புரிக்குச் செய்தவை. இங்குள்ள வால்வுகள் இந்தியத் தரப்படி அமைந்தவை, பொருந்தாது. வெல்டிங் ரெகுலேட்டர் லிட்டர் கணக்கில் ஓட்டத்தை அளப்பது. சோடாவுக்கு வேண்டியது அழுத்தத்தை நிலையாகப் பிடித்துவைப்பது. பூஜ்யத்திலிருந்து ஐந்தாறு பார் வரை தெளிவாகக் காட்டும் இரண்டாவது முள் இருக்க வேண்டும். அதிக அழுத்தத்தை விடுவிக்கும் வால்வும் இருக்க வேண்டும். அதிலிருந்து உணவுத் தரக் குழாய், அதன் முனையில் பெட் பாட்டிலுக்கான மூடி. கண்ணாடி பாட்டிலை இதில் மாட்டவே கூடாது. வெடித்தால் சிதறுவது கண்ணாடி. சோடாவோ கோலாவோ வந்த பெட் பாட்டில்தான் ஏற்றது. சாதாரணத் தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஆகாது.

வாயுவை மிச்சப்படுத்துவது ஃப்ரிட்ஜ். நன்றாகக் குளிர்ந்த, 3 அல்லது 4 டிகிரித் தண்ணீரில் இரண்டு பார் அழுத்தத்தில் ஏறும் வாயு, 30 டிகிரித் தண்ணீரில் ஏற ஐந்து பார் வேண்டியிருக்கும். அப்படியே ஏற்றினாலும் திறந்ததும் பாதி பறந்துவிடும். பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்கக் குளிரவைத்து, மூடும்போது பாட்டிலைப் பிழிந்து காற்றை வெளியேற்றிவிட்டு வாயு ஏற்றி, அரை நிமிடம் குலுக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் அந்த இடத்துக்கு வாயு வராது. நன்னாரி சர்பத்தையும் பன்னீரையும் எலுமிச்சையையும் வாயு ஏற்றிய பிறகே சேர்க்க வேண்டும். முன்பே கலந்தால் நுரைத்து மூடிக்குள் ஏறி, குழாய்க்குள்ளும் போய்விடும்.

சிலிண்டரைக் கொண்டுவருவதிலும் விதி உண்டு. அழுத்த வாயு நிரம்பிய சிலிண்டரை சைக்கிளிலோ இருசக்கர வாகனத்திலோ ஏற்றக் கூடாது என்று வாயுச் சிலிண்டர் விதிகளே சொல்கின்றன. ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நிறுத்திக் கொண்டுவரும் காட்சி சென்னையில் புதிதல்ல. ஆனாலும் அது தவறே. மெட்ரோவிலும் ரயிலிலும் அனுமதியில்லை என்பதால், வீட்டு வாசலில் நந்தனம் மெட்ரோ நிலையம் இருந்தும் பயனில்லை. ஆட்டோவிலோ காரிலோ ஜன்னலைத் திறந்துவைத்து, சிலிண்டர் உருளாமல் கட்டி, நேராக வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வியாபாரியே வண்டியில் அனுப்பினால் அதற்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல.

வீட்டில் அதற்கான இடம் பால்கனியின் நிழல் அல்லது காற்றோடும் சமையல்கட்டு மூலை. அடுப்பிலிருந்து எட்டி, சுவரோடு சங்கிலி போட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும். ஏசி அறையில் வைக்கவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, நிறமற்றது, கசிந்தால் தரையோடு தங்கும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள மூடிய அறையில் இரண்டு கிலோ வாயு முழுதும் கசிந்தால் அறைக்காற்றில் அது நான்கு விழுக்காட்டை எட்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கும் எல்லை அதுதான். தலைவலியும் மூச்சு வாங்குதலும் அதற்கு முன்பே தொடங்கிவிடும். நாலரைக் கிலோ கசிந்தால் ஒன்பது விழுக்காட்டுக்குப் பக்கம். பத்தைத் தாண்டினால் மயக்கம். தவழும் குழந்தையும் தரையில் பாய் விரித்துப் படுக்கும் பெரியவர்களும் உள்ள வீட்டில் இதை மறக்கக் கூடாது. உபயோகித்து முடித்ததும் ரெகுலேட்டரை மட்டுமல்ல, சிலிண்டரின் திருகு வால்வையும் மூடிவிட வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது, குமிழி வந்தால் வால்வை மூடிவிட்டு வாஷரை மாற்றுவது, சிலிண்டர் கையில் இருக்கும் காலம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை. வாயு தீரும் தறுவாயிலும் கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் வைத்தே நிரப்ப அனுப்ப வேண்டும். முழுக்கக் காலியாகித் திறந்து கிடந்தால் சென்னையின் ஈரக்காற்று உள்ளே புகுந்து, அடுத்த ஹைட்ரோ டெஸ்டுக்குள் துருவாகிவிடும்.